புல்மோட்டைக் கருமணலுக்கு விரைவான இராமன் படமாக்கல்: முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் இருந்து நிலாவெளி, குச்சவெளி தாண்டி வடக்கே போனால் புல்மோட்டை. அங்குள்ள கருமணலில் ஏறக்குறைய 70 சதவீதம் இல்மனைட் என்ற இரும்பு-தைத்தேனிய ஒட்சைட்டு. மீதியில் சிர்க்கோனும் ரூட்டைலும் முக்கியமானவை. மொனசைட் மிகக் கொஞ்சம். இதில் எந்த மணல்மணி எந்தக் கனிமம், ஒரு மணிக்குள் வேறு என்ன பொதிந்திருக்கிறது என்று மணியைக் கரைக்காமல், உடைக்காமல் படமாகவே காட்டக்கூடியது இராமன் நுணுக்குக்காட்டி. அதன் பெரிய குறை நேரம். ஒரு மணித்தியாலத்துக்குள் முடியக்கூடிய வேலை பலருக்கு இரவு முழுக்க ஓடுகிறது. விடிந்து பார்த்தால் பாதிப் படம் மங்கலாகக் கிடக்கிறது. அந்த நேரம் எங்கே வீணாகிறது, அதை எப்படி மீட்பது என்பதைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகமான கோணேசபுரி வளாக மாணவர்களும், மணல் மாதிரியோடு வேறு ஊர் ஆய்வுகூடத்துக்குப் பயணம் போகிறவர்களும் பின்பற்றக்கூடிய வரிசையில் இங்கே தருகிறோம்.

அடிப்படை சுருக்கமாக: லேசர் ஒளி மணியில் பட்டுச் சிதறும்போது பெரும்பகுதி அதே அலைநீளத்தில் திரும்புகிறது. பத்து இலட்சம் முதல் பத்துக் கோடி போட்டன்களில் ஏதோ ஒன்றுதான் மூலக்கூறின் அதிர்வோடு சக்தியை மாற்றிக்கொண்டு நிறம் மாறி வரும். சி. வி. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928 இல் கண்டது இதைத்தான். அந்த நிற மாற்றத்தைச் செ.மீ⁻¹ என்ற அலகில் வரைந்தால் நிறமாலை; அதில் கனிமத்துக்குக் கனிமம் வெவ்வேறு இடங்களில் உச்சங்கள் எழும். லேசரைப் புள்ளி புள்ளியாக நகர்த்தி நிறமாலை எடுத்துத்தான் படம் உருவாகிறது. இவ்வளவு அரிதான ஒளியைச் சேர்ப்பதால்தான் ஒவ்வொரு புள்ளியிலும் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு

2 மில்லிமீற்றருக்கு 2 மில்லிமீற்றர் பரப்பை 1 மைக்ரோமீற்றர் இடைவெளியில் அளந்தால் 40 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு செக்கன் என்றால் 46 நாள். அதே பரப்பை 20 மைக்ரோமீற்றர் இடைவெளியில் எடுத்தால் ஏறக்குறைய 10,000 புள்ளிகள். ஒரு செக்கன் வீதம் 2 மணித்தியாலம் 47 நிமிடம். புள்ளிக்கு 0.1 செக்கன் போதுமென்றால் 17 நிமிடத்துக்குள் முடியும்.

இன்னொரு வழியும் உண்டு. மணிகள் 150 மைக்ரோமீற்றர் அளவில் இருந்தால் அந்தப் பரப்பில் நூற்றைம்பது மணி வரை கிடக்கும். சாதாரண வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து, மென்பொருளைக் கொண்டு மணிகளின் ஓரங்களைப் பிரித்து, ஒவ்வொரு மணியிலும் இரண்டு புள்ளி மட்டும் அளந்தால் 300 புள்ளிகள்தான். ஒரு செக்கன் வீதம் 5 நிமிடம், ஸ்டேஜ் (மாதிரியைத் தாங்கி நகர்த்தும் மேடை) நகரும் நேரம் தனி.

ஆகவே ஒப்ஜெக்டிவை (மாதிரிக்கு நேர் மேலுள்ள வில்லையை) தொடுவதற்கு முன்னரே கேள்வியை எழுதி வைத்துவிடுங்கள். “எத்தனை மணி சிர்க்கோன், எத்தனை ரூட்டைல்?” என்றால் ஒவ்வொரு மணியிலும் இரண்டு புள்ளி போதும். “இல்மனைட் மணியின் ஓரம் எவ்வளவு மாறியிருக்கிறது?” என்றால் ஒரே ஒரு மணியை 1 மைக்ரோமீற்றர் இடைவெளியில் எடுக்க வேண்டும், மற்ற மணிகளைத் தொட வேண்டாம். இரண்டுக்கும் ஒரே அமைப்பைப் போட்டு ஓடவிடுவதுதான் நேரம் போகும் மிகப் பெரிய ஓட்டை. லேசர் வலுவைக் கூட்டுவதால் கிடைக்கும் லாபம் இதற்குப் பக்கத்திலும் வராது.

படி 1: மணலைத் தயார்படுத்தல்

புல்மோட்டையில் கருமணல் அகழும் கொம்பனியின் நிலத்தில் மணல் எடுக்க அனுமதி வேண்டும். அதை முதலே வாங்கிவிடுங்கள். மொனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியம் இருப்பதால் மணலை உலர்ந்த நிலையில் அரைக்கவோ ஊதவோ கூடாது. கையுறையும் முகக்கவசமும் கட்டாயம்.

மணலை நன்னீரில் மூன்று முறையாவது கழுவி, கடைசியாக ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். உப்புக்கு இராமன் உச்சம் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. அது மணியின் மேல் வெள்ளைத் தோலாகப் படிந்து ஒளியைச் சிதறடிக்கும். மாரிக் காலத்து ஈரக்காற்றில் ஈரத்தை இழுத்து மணிகளை ஒட்டவைக்கும். 60 பாகை செல்சியசில் இரவு முழுக்க உலர்த்திய பின் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பங்குகளை மட்டும் எடுங்கள். 10 கிராம் அளவுக்கு வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். போத்தலைச் சாய்த்துக் கொட்டி எடுத்தால் பாரமான மணிகள் அடியில் தங்கிவிடும், விகிதம் பிழைக்கும்.

அடுத்ததை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறோம்: காந்தத்தால் இல்மனைட்டைப் பிரித்துவிடுங்கள். கருமணலில் அதிகம் இருப்பது இல்மனைட். இராமன் ஒளியை மிகக் குறைவாகத் தருவதும், லேசரை உறிஞ்சிச் சூடேறுவதும் அதே கனிமந்தான். அதை உள்ளே விட்டுப் படமெடுத்தால் மொத்த நேரத்தையும் அதுவே தீர்மானிக்கும். முதலில் சாதாரண காந்தத்தைச் சற்று உயரத்தில் பிடித்து மக்னடைட்டை எடுங்கள். பிறகு நியோடிமியம் காந்தத்தைப் பொலித்தீனில் சுற்றி, பரப்பிய மணலுக்கு மிகக் கிட்டவாக நகர்த்துங்கள். இல்மனைட் பொலித்தீனில் தொற்றிக்கொள்ளும். காந்தத்தை உருவினால் கீழே கொட்டும். இரண்டு பங்குகளையும் 0.01 கிராம் வரை நிறுத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் கடைசியில் விகிதம் சொல்ல முடியாது. மொனசைட்டையும் காந்தம் ஓரளவு இழுக்கும் என்பதால், தொற்றிய பங்கில் இருந்தும் ஒரு சிட்டிகையைத் தனியாக அளக்க வேண்டும்.

மீதி மணலை 25 மில்லிமீற்றர் வளையத்தில் எபொக்ஸி ஊற்றி இறுகவிட்டு, 320, 600, 1200 இலக்கச் சிலிக்கன் காபைட் தாள்களில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, 6, 3, 1 மைக்ரோமீற்றர் வைரப் பசையால் மெருகேற்றுங்கள். எபொக்ஸிக்கும் சொந்த இராமன் உச்சங்களும் புளோரொளிர்வும் (லேசரை உறிஞ்சிப் பொருள் தானே ஒளிர்வது) உண்டு. அதனால் மணியே இல்லாத ஒரு மூலையில் எபொக்ஸியை மட்டும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் கட்டாயம் தேவைப்படும். அவசரத்துக்கு இரட்டைப் பக்க ஒட்டு நாடாவில் மணலைத் தூவிப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு மணியும் ஒவ்வோர் உயரத்தில் நிற்கும், குவியம் ஒவ்வொன்றுக்கும் மாறும்.

படி 2: மட்டம் பார்த்தல்

சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பாதிப் படங்கள் இங்கேதான் கெடுகின்றன. 532 நனோமீற்றர் லேசரும் என்.ஏ. (எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியைச் சேர்க்கிறது என்ற எண்) 0.9 உள்ள 100 மடங்கு ஒப்ஜெக்டிவும் என்றால் குவிய ஆழம் ஒரு மைக்ரோமீற்றரும் இல்லை. என்.ஏ. 0.4 உள்ள 20 மடங்கில் அது 3 மைக்ரோமீற்றரைச் சற்றுத் தாண்டும். மாதிரி அரைப் பாகை சாய்ந்திருந்தாலே 2 மில்லிமீற்றர் தூரத்தில் உயரம் 17 மைக்ரோமீற்றர் மாறிவிடும். படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் வந்தால் கனிமத்தைச் சந்தேகிப்பதற்கு முன் சாய்வைச் சந்தேகியுங்கள்.

பிளாஸ்டிசீன் துண்டொன்றின் மேல் வளையத்தை வைத்து, கைவிசை மட்டமாக்கியால் அழுத்துங்கள். பிறகு படமெடுக்கும் பரப்பின் மூன்று மூலைகளில் குவியம் பார்த்து, உயரங்களை மென்பொருளில் கொடுங்கள். அது ஒரு தளத்தைப் பொருத்தி ஸ்டேஜைத் தானே ஏற்றி இறக்கும். புள்ளிக்குப் புள்ளி தானியங்கிக் குவியம் போடுவது அளக்கும் நேரத்தைவிடக் கூடுதலாக விழுங்கும். நன்றாக மெருகேற்றிய மாதிரிக்கு அது தேவையே இல்லை.

படி 3: லேசரும் கிரேட்டிங்கும்

சிதறல் வலு அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். அந்தக் கணக்கில் மட்டும் 532 நனோமீற்றர், 785 ஐவிட 4.7 மடங்கு கூடுதல் சமிக்ஞை தரும். கனிம மணலுக்கு 532 இல் தொடங்குங்கள்.

மொனசைட்டுக்கு இது இன்னும் முக்கியம். அதிலுள்ள நியோடிமியம், 785 லேசர் பட்டால் 880 நனோமீற்றர் அளவில் பலமாக ஒளிரும். அது நிறமாலையில் 1375 செ.மீ⁻¹ பக்கம் உச்சம்போலவே நிற்கும். புதியவர்கள் அதை ஏதோ கார்பன் சேர்மம் என்று எழுதிவிடுவதுண்டு. சோதனை எளிது: லேசரை மாற்றுங்கள். உண்மையான இராமன் உச்சம் அதே செ.மீ⁻¹ இடத்தில் நிற்கும். ஒளிர்வு அதே நனோமீற்றரில் நிற்கும். 532 லேசரில் 880 நனோமீற்றர் என்பது 7400 செ.மீ⁻¹ க்கு அப்பால், உங்கள் அளவீட்டு வீச்சுக்கே வெளியே. சிர்க்கோனிலும் அருமண் தனிமங்களின் ஒளிர்வு வரலாம், அதற்கும் இதே சோதனைதான்.

ஒளியை அலைநீளவாரியாகப் பிரிக்கும் கோடிட்ட தட்டுத்தான் கிரேட்டிங். அதில் மில்லிமீற்றருக்கு 1800 கோட்டைப் போட்டால் முழு வீச்சையும் எடுக்கப் பல தடவை அளக்க வேண்டிவரும். 600 கோடு பெரும்பாலும் ஒரே தடவையில் முடிக்கும். ஒளியும் குறைந்த பிக்சல்களில் சேர்வதால் கமராவின் வாசிப்பு இரைச்சலுக்கு மேலே எழும்பும். கனிமத்தை இனங்காண 600 தாராளம். கதிர்வீச்சால் சிதைந்த சிர்க்கோனில் 1008 உச்சம் எவ்வளவு அகன்று கீழிறங்கியிருக்கிறது என்று பார்க்கத்தான் 1800 வேண்டும். அந்த வேலையைப் படமாக இழுக்காமல் தெரிந்தெடுத்த மணிகளில் தனியாகச் செய்யுங்கள்.

தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சிலிக்கன் துண்டை அளந்து உச்சம் 520.7 செ.மீ⁻¹ இல் நிற்கிறதா என்று பாருங்கள். ஏசி போட்டு அரை மணித்தியாலத்துக்குள் அளக்கத் தொடங்கினால் அது நகரும். கச்சான் வீசும் மாதங்களில் வெளியே தகிக்க உள்ளே குளிரும்போது அந்த நகர்வு இன்னும் கூடும். அறை விளக்கையும் அணையுங்கள்: புளோரொளிர் விளக்கின் பாதரசக் கோடு 546 நனோமீற்றரில் இருக்கிறது, 532 லேசரோடு அது 484 செ.மீ⁻¹ இல் கூரிய உச்சமாகப் பதியும்.

படி 4: லேசர் வலு

சிர்க்கோனும் ரூட்டைலும் 532 இல் பல மில்லிவாற்றைத் தாங்கும். இல்மனைட் தாங்காது. 100 மடங்கு ஒப்ஜெக்டிவின் கீழ் மாதிரியில் விழும் வலு 1 மில்லிவாற்றுக்குக் கீழே இருக்கட்டும். இங்கே குறிப்பது மாதிரியின் மேல் வலுமானியை வைத்து அளந்த அளவு. லேசர்ப் பெட்டியில் எழுதியிருப்பது அல்ல.

நல்ல இல்மனைட்டின் பெரிய உச்சம் 680 செ.மீ⁻¹ பக்கம். அதற்குப் பதிலாக 225, 292, 411 என்று மூன்று தலைகாட்டினால் அது ஹெமடைட். இயற்கையாகவே இருந்ததா, லேசர் சுட்டு உண்டாக்கியதா என்பதுதான் கேள்வி. பக்கத்தில் தொடாத ஓர் இடத்தில் வலுவைப் பத்தில் ஒன்றாக்கி, நேரத்தைப் பத்து மடங்காக்கி அளங்கள். அப்போதும் ஹெமடைட் வந்தால் அது மணியினுடையது. வராவிட்டால் இதுவரை எடுத்த படத்தை ஒதுக்கிவிட்டு வலுவைக் குறைத்துத் தொடங்குங்கள். வேகத்துக்காக வலுவைக் கூட்டுபவர்கள் மணியில் இல்லாத ஒரு கனிமத்தைப் படத்தில் வரைந்துவிடுகிறார்கள், அது அச்சில் ஏறிய பிறகு திருத்த முடியாது.

இதற்கு நல்ல மாற்று கோட்டு ஒளி. கருவியில் அந்த வசதி இருந்தால் லேசர் ஒரு புள்ளியாக விழாமல் கோடாக விரியும். கோட்டின் ஒவ்வொரு இடமும் கமராவின் வெவ்வேறு வரிசையில் பதியும். 100 மில்லிவாற்று 200 இடங்களில் பரவினால் ஓரிடத்துக்கு அரை மில்லிவாற்றுத்தான் விழுகிறது. மணி சுடாது, 200 நிறமாலை ஒரே தடவையில் கிடைக்கும். கோட்டின் இரு முனைகளிலும் வெளிச்சம் மங்கும், அடுத்தடுத்த இடங்களின் ஒளி ஒன்றோடொன்று கொஞ்சம் கலக்கும். சிலிக்கன் துண்டில் கோடு முழுவதையும் அளந்து, அதனால் ஒவ்வொரு வரிசையையும் வகுத்தால் முதற்குறை தீரும். கலப்பு தீராது, மிக நுண்ணிய உள்ளடக்கங்களுக்குப் புள்ளி முறையே நம்பகமானது.

படி 5: நேரத்தைத் தீர்மானித்தல்

ஒவ்வொரு கனிமத்திலும் ஒரு மணியைத் தெரிந்து 1, 0.5, 0.2, 0.1, 0.05 செக்கன் என்று அளங்கள். உச்சத்தின் உயரத்தை, உச்சமில்லாத பகுதியின் ஏற்ற இறக்கத்தால் வகுங்கள். இனங்காண 5 போதும். உச்சத்தின் அகலமோ நகர்வோ வேண்டுமானால் 30 க்குக் கீழே இறங்காதீர்கள்.

நேரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் இந்த விகிதம் மூன்றில் ஒன்றளவுக்கு இறங்கும். ஆனால் சமிக்ஞை மிகச் சிறுத்து, கமராவின் வாசிப்பு இரைச்சல் மேலோங்கிவிட்டால் அது பத்தில் ஒன்றாகவே விழும். அந்தத் திருப்பம் எந்த நேரத்தில் வருகிறது என்று பார்த்து, அதற்குச் சற்று மேலே நில்லுங்கள். மங்கிய சமிக்ஞையை வாசிக்கும் முன்னரே பெருக்கும் மின்பெருக்கச் சிசிடி கமரா இருந்தால் பெருக்கத்தை இந்த இடத்தில்தான் போட வேண்டும். பலமான சமிக்ஞைக்குப் போட்டால் அது தன் பங்குக்கு இரைச்சலைக் கூட்டும்.

0.1 செக்கனுக்குக் கீழே போனதும் வேறொரு செலவு தலைதூக்கும்: ஸ்டேஜ் நகர்ந்து, நின்று, அதிர்வு அடங்கும் நேரம். அளப்பது 0.05 செக்கன், நகர்வது 0.1 செக்கன் என்றால் கருவி பெரும்பாலும் சும்மாவே நிற்கிறது. ஸ்டேஜை நிறுத்தாமல் ஓடவிட்டு அளக்கும் முறையைத் தெரிவுசெய்யுங்கள். கமராவில் ஒளி விழும் வரிசைகளை மட்டும் ஒன்றாகச் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். போகும்போதும் வரும்போதும் அளந்தால் நேரம் மிச்சம். ஆனால் மணியின் ஓரம் சீப்புப் பல்லாகத் தெரிந்தால் ஸ்டேஜின் பற்சக்கரத் தளர்வுதான் காரணம். தளர்வுத் திருத்தத்தைப் போடுங்கள், அல்லது ஒரு திசையில் மட்டும் அளங்கள்.

படி 6: இரண்டு சுற்று

முதற் சுற்றில் பரப்பு முழுவதையும் 20 மைக்ரோமீற்றர் இடைவெளியில் வேகமாக எடுங்கள். இரண்டாம் சுற்றில் இனங்காண முடியாத மணிகளையும், கேள்விக்குரிய ஓரங்களையும் மட்டும் நுண்ணிய இடைவெளியில், கூடிய நேரத்தில் எடுங்கள். 20 மைக்ரோமீற்றரைவிடச் சிறிய உள்ளடக்கம் முதற் சுற்றில் தப்பிவிடும் என்பதை அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கோப்பாகச் சேமியுங்கள். மின்வெட்டு வந்தால் ஒரு கட்டந்தான் போகும். லேசர், கமரா, ஸ்டேஜ், கணினி நான்கும் யூபிஎஸ்சில் இருக்கட்டும். ஏசி நின்றபின் கதவைத் திறந்து வைக்காதீர்கள், குளிர்ந்த வில்லைகளில் கடற்காற்றின் ஈரம் படியும்.

படி 7: நிறமாலையில் இருந்து படத்துக்கு

அண்டக் கதிர்க் கூர்முனைகளை நீக்க ஒவ்வொரு புள்ளியையும் இரண்டு தடவை அளக்கும் தெரிவை அணைத்துவிடுங்கள், அது நேரத்தை இரட்டிப்பாக்கும். பக்கத்துப் பிக்சல்களில் இல்லாத ஒற்றைக் கூர்முனையை மென்பொருளே வெட்டிவிடும். பிறகு உச்சங்களுக்குக் கீழே கிடக்கும் பின்னணி ஒளியான அடிக்கோட்டைக் கழியுங்கள்.

ஒரே உச்சத்தின் உயரத்தை வைத்துக் கனிமப் படம் வரையாதீர்கள். மொனசைட்டின் பெரிய உச்சம் 970 செ.மீ⁻¹ பக்கம், சிர்க்கோனுக்கு 1008 ஓடு 974 இலும் ஓர் உச்சம் உண்டு. 970 ஐ மட்டும் பார்த்து நிறம் தீட்டினால் சிர்க்கோன் எல்லாம் மொனசைட் ஆகிவிடும். மொனசைட்டின் இரண்டாம் உச்சமான 467 ஐப் பார்க்கலாமே என்றால், குவாட்ஸ் 464 இல் நிற்கிறது. முழு நிறமாலையையும் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். சிர்க்கோன், ரூட்டைல் (447, 612), ரூட்டைலின் அதே சேர்மம் வேறு பளிங்கு வடிவில் உள்ள அனடேஸ் (144, 397, 516, 640), மொனசைட், குவாட்ஸ், இல்மனைட், எபொக்ஸி ஆகியவற்றை அதே கருவியில், அதே கிரேட்டிங்கில் அளந்து, எதிர் எண் வராத இழிவு வர்க்கப் பொருத்தத்தைப் போடுங்கள். பொருந்தாமல் எஞ்சியதையும் ஒரு படமாக வரையுங்கள். எங்கே எச்சம் கூடுகிறதோ அங்கே நீங்கள் பட்டியலில் போடாத கனிமம் இருக்கிறது.

இரைச்சலைக் குறைக்க பிசிஏ (தரவைச் சில முதன்மைக் கூறுகளாகச் சுருக்கும் கணிப்பு) போடுவது குறுகிய நேர அளவீட்டுக்கு நல்ல துணை. ஆனால் முதல் சில கூறுகளை மட்டும் வைத்தால், பத்தாயிரம் பிக்சலில் நாலு பிக்சல் மட்டும் உள்ள மொனசைட் இரைச்சலோடு சேர்ந்து துடைக்கப்பட்டுவிடும். அரிய கனிமத்தைத் தேடும்போது பிசிஏ போடாத தரவையும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள்.

கடற்கரைப் பிளாஸ்டிக்குக்கு மாறினால்

உப்புவெளி, நிலாவெளி மணலில் நுண்பிளாஸ்டிக் தேடுபவர்களுக்கு மேலுள்ளவற்றில் சில மாறும். நிறை செறிந்த கறியுப்புக் கரைசலில் (அடர்த்தி ஏறக்குறைய 1.2) பொலிஎதிலீனும் பொலிபுரோப்பிலீனும் பொலிஸ்டைரீனும் மிதக்கும், பெற் போத்தல் பிளாஸ்டிக்கும் பிவிசியும் அமிழ்ந்துவிடும், அவற்றுக்கு நாகக் குளோரைட்டு வேண்டும். சேதனக் கழிவை 30 சதவீத ஐதரசன் பேரொட்சைட்டில் 60 பாகையைத் தாண்டாமல் கரைத்து, அலுமினியமோ தங்கமோ பூசிய வடிதாளில் வடியுங்கள். செலுலோசு வடிதாள் தன் உச்சங்களையே காட்டிக்கொண்டிருக்கும்.

வேகம் வேண்டுமானால் 2800 முதல் 3000 செ.மீ⁻¹ வரையான பகுதியை மட்டும் 532 இல் ஒரு சுற்று எடுங்கள். பிளாஸ்டிக்குகளின் காபன்-ஐதரசன் அதிர்வு அங்கே பலமாக இருக்கும், மணலுக்கு அங்கே ஒன்றும் இல்லை. அகப்பட்ட துகள்களை மட்டும் பிறகு முழு வீச்சில் அளங்கள்: பொலிஎதிலீனுக்கு 1062, 1130, 1296, பொலிஸ்டைரீனுக்கு 1001. சாயம் பூசிய துகள் புளோரொளிர்வால் மூழ்கினால் 785 க்கு மாறுங்கள். ஆனால் 785 இல் அந்தக் காபன்-ஐதரசன் பகுதி 1016 நனோமீற்றருக்குப் போய்விடும். சிலிக்கன் கமராவுக்கு அங்கே பார்வை கிட்டத்தட்ட இல்லை. எனவே அந்த விரைவுச் சுற்றை 785 இல் செய்ய நினைக்க வேண்டாம், 2000 க்குக் கீழுள்ள உச்சங்களை நம்புங்கள்.

அளந்ததைச் சரிபார்த்தல்

படம் முடிந்ததும் மாதிரியைக் கழற்றிவிடாதீர்கள். எழுந்தமானமாக 30 மணிகளைத் தெரிந்து, 1800 கோட்டில் தலா 5 செக்கன் அளந்து, படம் சொன்ன பெயரோடு ஒப்பிடுங்கள். இரண்டு அல்லது மூன்று மாறினால் எந்தக் கனிமம் எதுவாக மாறுகிறது என்று பார்த்து, ஒப்பீட்டு நிறமாலைகளைத் திருத்தி மறுபடி பொருத்துங்கள்; மறுபடி அளக்கத் தேவையில்லை. அதைவிடக் கூடினால் நேரத்தை இரட்டித்து முதற் சுற்றைத் திரும்ப எடுங்கள். கோப்போடு லேசர் அலைநீளம், மாதிரியில் விழுந்த வலு, ஒப்ஜெக்டிவின் என்.ஏ., கிரேட்டிங், புள்ளி நேரம், இடைவெளி, முதலும் முடிவுமான சிலிக்கன் உச்சம், காந்தம் எடுத்த பங்கின் நிறை ஆகியவற்றை அன்றைக்கே எழுதி வையுங்கள்.